மொடியுலர் சிந்தசைசருக்கு மரப்பெட்டி: 84 எச்பி, ஒரு வரிசை

மொடியுலர் சிந்தசைசர் என்பது மொடியூல் எனப்படும் தனித்தனிப் பகுதிகளைப் பெட்டியில் பூட்டிச் சேர்க்கும் மின்னணு இசைக்கருவி. முதலில், மொடியூல்களைப் பூட்டும் அலுமினியத் தண்டவாளங்களை வாங்குங்கள். மரத்தை அதற்குப் பிறகு அறுக்கலாம். இந்த மொடியூல்களுக்கான யூரோராக் அளவுமுறையில் அகலத்தை எச்பியில் சொல்வார்கள்; ஒரு எச்பி 5.08 மிமீ. 84 எச்பிக்கு 426.72 மிமீ வரும். தண்டவாளம் வழக்கமாக இதைவிடச் சற்று நீளமாக இருக்கும், ஆகவே உள்ளகலத்தைக் கணக்கிலிருந்து எடுக்காமல் கையிலுள்ள தண்டவாளத்தை அளந்தே எடுங்கள்.

பக்கப் பலகைக்கு 18 மிமீ பிளைவூட் போதும். முதிரை மரம் அழகுதான், ஆனால் பாரம். முன்துளை போடாமல் ஆணி முடுக்கினால் வெடிக்கும். வேம்பு என்றால் நன்கு காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். பச்சை மரம் காயக் காயச் சுருங்கி வளையும். கார்த்திகை மழையில் திரும்ப ஊதும். உள்ளும் புறமும் வார்னிஷ் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகைதான் அதிகம் வளைகிறது.

மேல், கீழ்த் தண்டவாளங்களின் எம்3 (3 மிமீ திருகாணி) துளை மையங்களுக்கிடையே 122.5 மிமீ. இங்கே ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் மொடியூல் பூட்டாது. இரு பக்கப் பலகைகளையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்து ஒரே தடவையில் துளையிடுங்கள். மொடியூலின் திருகாணி பிடிக்கும் மரையுள்ள பட்டியைத் தண்டவாளத்துக்குள் தள்ளிவிட்டே பக்கத்தை மூட வேண்டும். பசை பூசுமுன் இரு முனைகளிலும் ஒவ்வொரு மொடியூலைப் பூட்டிப் பாருங்கள்.

உள்ளாழம்: ஆக ஆழமான மொடியூலின் ஆழத்துடன் குறைந்தது 25 மிமீ கூட்டுங்கள், மொடியூலுக்கு மின்சாரம் தரும் தட்டையான ரிப்பன் வயர் மடிய. 230 வோல்ற்றை மரப்பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். வெளி அடாப்டரில் ஓடும் பவர் போர்ட்டே (மொடியூல்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பலகை) நல்லது. ரிப்பனின் சிவப்புக் கோடு −12 வோல்ற் பக்கம். மாறிச் செருகினால் மொடியூல் எரியலாம்.