அவுட்பேக் விடுதியில் தங்குகிறீர்களா? போகும் வழியைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஆள் நடமாட்டம் குறைந்த வறண்ட நிலப்பரப்பைத்தான் அவுட்பேக் என்கிறார்கள். அங்கே தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஆர்க்கரூலா, அடிலெய்டு நகரிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல். இதுபோன்ற இடங்களில் விடுதியைத் தாண்டினால் பெரும்பாலும் மொபைல் சிக்னல் இருக்காது. அதனால் காலையில் கிளம்பும்போதே எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வரவேற்பறையில் சொல்லிவிடுங்கள். திரும்பியதும் மறக்காமல் தகவல் கொடுங்கள்; இல்லையென்றால் வீணாகத் தேடக் கிளம்புவார்கள்.

வண்டி நின்றுபோனால் உதவி தேடி நடக்கவே நடக்காதீர்கள். வானிலிருந்து தேடுபவர்களுக்கு மனிதரைவிட வண்டிதான் எளிதில் தெரியும், நிழலும் தரும். தண்ணீரைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் வழியே அபாயச் செய்தி அனுப்பும் பிஎல்பி கருவி வாடகைக்கும் கிடைக்கும். என்னைக் கேட்டால் கேமராவைவிட அதுதான் முக்கியம்.

அப்புறம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அது.