மருத்துவப் புள்ளியியலுக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு மருத்துவ ஆய்வுப் பக்கம் வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஸாஸ் படிக்கட்டுமா, ஆர் படிக்கட்டுமா?" என்றுதான். இரண்டுமே புள்ளியியல் மென்பொருள்கள். எதைப் படித்தாலும் நல்லதே. ஸாஸ் தெரிந்தால் சென்னை, பெங்களூர் நிறுவனங்களில் புரோகிராமர் வேலைக்கு முயலலாம். அங்கே சில வருடம் இருந்தால் தானாகவே ஆய்வு வடிவமைப்புக்கு நகர்ந்துவிடலாம் என்று நம்புவதுதான் தவறு. அதற்குப் புள்ளியியல் கோட்பாட்டில் பிடிமானம் வேண்டும். மருத்துவரோடு உட்கார்ந்து, "இந்த ஆய்வில் உங்களுக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும்?" என்று விடாமல் கேட்கும் பழக்கமும் வேண்டும்.

டேட்டா கைக்கு வந்த பிறகுதான் நம் வேலை தொடங்குகிறது என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வதற்குச் சமம் என்று புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் 1938-லேயே கல்கத்தா மாநாட்டில் சொல்லிவிட்டார்.

சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதுமா, சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா என்பது கேள்வி. சுமார் 190 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றிவிடுமே என்ற பயம் இருந்ததால், குடும்பத்தாரையும் தொடர்ந்து பரிசோதித்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அறிய, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது என்ற முடிவு 1959-ல் வெளிவந்தது. குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் தெரிந்தது. முன்கூட்டியே யோசிக்காமல் விட்டிருந்தால் இதில் பாதியை எந்த மென்பொருளாலும் மீட்டிருக்க முடியாது.

சாம்பிள் சைஸ், அதாவது ஆய்வில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்ற விஷயத்தில் வளைந்துகொடுக்காதீர்கள். இறப்பு 40 சதவீதத்திலிருந்து 30-ஆகக் குறையுமா என்று 80 சதவீத பவருடன் (அந்த வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்புடன்) பார்க்க, ஒரு குழுவுக்கு சுமார் 350 பேர் தேவை. ஆய்வுத் திட்டத்தில் 20-ஆகக் குறையும் என்று எழுதினால் ஒரு குழுவுக்கு சுமார் 80 பேரே போதும். பட்ஜெட்டைப் பார்த்து அந்த 20-ஐ எழுதச் சொல்லும் நெருக்கடி வரும். அப்படி எழுதினால், உண்மையிலேயே பயன்படும் மருந்துகூடப் பயனற்றதாகத் தெரிந்துவிடலாம். நோயாளிகள் ஊசி குத்திக்கொண்டதும் அலைந்ததும் வீண்.

முடிவு சரியாக வராதபோது வயது வாரியாக, பாலினம் வாரியாகப் பிரித்துப் பிரித்துத் தேடுவதும் கூடாது. 17,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஐசிஸ்-2 மாரடைப்பு ஆய்வில் ஆஸ்பிரின் தெளிவாகப் பலன் தந்தது. ராசிப்படி பிரித்தபோதோ மிதுனத்துக்கும் துலாத்துக்கும் மட்டும் பலன் இல்லாததுபோல் வந்தது! இப்படிப் பிரிப்பது எவ்வளவு ஏமாற்றும் என்று காட்டவே ஆய்வாளர்கள் அதை 1988-ல் வெளியிட்டார்கள்.

படிப்புக்கு வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்கள் இருக்கின்றன. சேரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கின்றன, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். முடிந்த ஆய்வு ஒன்றை எடுத்து, பதிவுசெய்த முதன்மை விளைவையும் (ஆய்வு முக்கியமாக அளக்க நினைத்ததையும்) சாம்பிள் சைஸையும் பின்னர் வெளிவந்த கட்டுரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நேர்காணலுக்கு அந்தப் பக்கத்தையும் எடுத்துப் போங்கள்.