கரும்புச் சோகையைக் கொளுத்தாமல் மறுதாம்பு விடுவது எப்படி?

வெட்டிய கரும்பின் கட்டையிலிருந்தே அடுத்த பயிரைத் துளிர்க்க விடுவதுதான் மறுதாம்பு. கரும்பு லாரி கிளம்பிய மறுநாளே தீப்பெட்டியைத் தேடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை, கிடந்தால் கட்டை சீவ (அடிக்கட்டையைத் தரைமட்டமாகச் செதுக்க) முடியாது, எலி அடையும் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் ஏக்கருக்கு 3, 4 டன் சோகை விழும். கொளுத்தினால் அதிலுள்ள தழைச்சத்து பெரும்பாலும் புகையோடு போய்விடும். அப்புறம் அதையே யூரியா மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குவோம்.

படி 1: வெட்டும்போதே ஆட்களிடம் தரையை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். அடிக்கரும்பில்தான் சர்க்கரை அதிகம், எடையும் உங்களுக்கு. கட்டை சீவும் வேலையும் குறையும்.

படி 2: ஒரு சால் (வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளம்) விட்டு ஒரு சாலில் சோகையைத் தள்ளுங்கள். கட்டைகள் வெளியே தெரிய வேண்டும். இனி கட்டை சீவலாம், தோள் உடைக்கலாம் (வரிசையின் பக்கவாட்டு மண்ணை வெட்டிவிடலாம்). டிராக்டரில் ஓடும் சோகை தூளாக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் தள்ளும் வேலையே இல்லை.

படி 3: இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சோகையில் கார்பன் மிக அதிகம், தழைச்சத்து சொற்பம். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். முதல் வருடம் எதுவும் போடாமல் விட்டேன். தூர்கள் மஞ்சளாக நின்றன. டன்னுக்கு 8 கிலோ யூரியா, 10 கிலோ சூப்பர் பாஸ்பேட், 1 கிலோ மக்க வைக்கும் நுண்ணுயிர்க் கலவை என்பது கணக்கு. 4 டன்னுக்கு 32, 40, 4 கிலோ. உரத்தைச் சோகைமேல் தூவி, அந்தச் சாலிலும் ஒருமுறை தண்ணீர் விடுங்கள். நுண்ணுயிர்க் கலவையை உரத்தோடு சேர்க்காமல், சாணிக் கரைசலில் கலந்து, ஈரம் இருக்கும்போது மாலையில் தெளியுங்கள்.

படி 4: அடுத்தடுத்த பாசனம் திறந்த சாலில் போதும். சோகை காய்ந்து சருகாகிவிட்டால் மட்டும் அந்தப் பக்கமும் நனையுங்கள். மூடிய சாலில் களை முளைப்பது குறையும். இளங்குருத்துப் புழுவின் தொல்லையும் குறையும்.

சரி, எலி? வரப்பைச் சுத்தமாக வைத்து, வளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதைவிட எனக்குப் பயம் தீ. பக்கத்து வயலில் கொளுத்தினால் நம்முடையதும் போகும். ஓரமாகப் பத்தடிக்குச் சோகை இல்லாமல் ஒதுக்கிவிடுங்கள்.

மண் அணைக்கும்போது பாதி மக்கிய சோகை மண்ணோடு புரண்டுவிடும். தனியாக அள்ள வேண்டியதில்லை.

ஒரு விலக்கு உண்டு. செவ்வழுகல் நோய் கண்ட வயலில் மறுதாம்பே விடக் கூடாது, அந்தச் சோகையையும் வயலில் பரப்பக் கூடாது.