பத்தாம் வகுப்பு வீட்டிலேயே: பாடச்சுமையைப் பிரித்த விதம்

பெங்களூரில் மகளை வீட்டிலேயே படிக்க வைக்க என்ஐஓஎஸ்-ஐ (தேசிய திறந்தநிலைப் பள்ளி வாரியம்) தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை என்பதுதான். பதிவு 5 ஆண்டு செல்லும். அதற்குள் 9 வாய்ப்பு. பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை.

கணக்கும் அறிவியலும் சேர்ந்து வந்தபோதுதான் பிள்ளை திணறினாள். அதனால் தமிழ், ஆங்கிலம், மனையியல் மூன்றையும் ஏப்ரலுக்கு வைத்து, அந்த இரண்டையும் அக்டோபருக்குத் தள்ளினோம். பியூசியில் (கர்நாடகத்தில் 11, 12-ஆம் வகுப்பு) அறிவியல் எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்த இரண்டையும் கைவிடாதீர்கள்.

காலை, தலை தெளிவாக இருக்கும் நேரம் கணக்குக்கு: 50 நிமிடம், பிறகு கட்டாய இடைவெளி. பாடத்தை முதல் வரியிலிருந்து படிக்கச் சொல்லவில்லை. கடைசியில் உள்ள கேள்விகளை முதலில் போடச் சொன்னோம். எங்கே பேனா நின்றதோ அந்தப் பகுதியை மட்டும் படித்தாள். பாதிச் சுமை இதிலேயே இறங்கியது.

ஒப்படைப்புக்கு (வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் அசைன்மென்ட்) 20 சதவீத மதிப்பெண் இருக்கிறது, அலட்சியம் வேண்டாம். கையால் எழுதி, நிழல் விழாமல் ஸ்கேன் செய்து, கடைசி வாரத்துக்கு முன்பே ஏற்றிவிடுங்கள். அறிவியலில் எழுத்துத் தேர்வு, செய்முறை இரண்டிலும் தனித்தனியாக 33 சதவீதம் வேண்டும். செய்முறை ஏட்டையும் வாராவாரம் எழுத வையுங்கள்.