எலாஸ்டிக்குக்கு முந்தைய எலாஸ்டிக்: குழந்தை ஃபிராக்கில் கையால் ஸ்மாக்கிங் போடுவது எப்படி

தி. நகர் ரங்கநாதன் தெருவில் தொங்குகிற டாப்ஸ் பலவற்றில் இப்போது நெஞ்சுப் பகுதி முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக இருக்கிறது, கேட்டால் ஸ்மாக்கிங் என்பார்கள். ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். வரிசை வரிசையாக ரப்பர் நூல் ஓடினால் அது மெஷின் பாபினில் எலாஸ்டிக் நூலைச் சுற்றி அடித்தது, அதன் பெயர் ஷர்ரிங். கையால் போடும் ஸ்மாக்கிங்கில் ரப்பரே கிடையாது. பருத்தித் துணி, பருத்தி நூல், ஒரு ஊசி. ஆனாலும் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். நம் ஊர் வெயிலில் குழந்தையின் நெஞ்சில் ரப்பர் ஒட்டி அரிக்கிற தொல்லையே இல்லை, வியர்வையிலும் வெந்நீரிலும் தொய்ந்து போவதற்கு உள்ளே எதுவும் இல்லை. எதற்காக இந்த வேலை பிறந்தது என்று தெரிந்துகொண்டால் எந்தத் தையலை எங்கே போடுவது என்பது பாதி தானாகவே விளங்கிவிடும், அதனால் கதையையும் செய்முறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

இங்கிலாந்துக் கிராமங்களில் உழுகிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஸ்மாக் என்ற தொளதொள மேலங்கியைப் போட்டார்கள். லினன் அல்லது பருத்தித் துணியைச் சதுரமும் நீள்சதுரமுமாக வெட்டித் தைப்பது, அநேகமாக ஒரு துண்டு துணிகூட வீணாகாது. உடம்பின் வளைவுக்கு வெட்டாததால் மார்பு, முதுகு, மணிக்கட்டு எல்லா இடத்திலும் துணி குவியும் இல்லையா, அந்த உபரித் துணியைச் சன்னமாக மடித்து மடிப்புகளின் தலையில் தைத்து அடக்கினார்கள். குனிந்து நிமிரும்போது அது விரிந்து கொடுத்தது, துணி அடுக்கடுக்காகச் சேர்ந்ததால் குளிரையும் தாங்கியது. சில அங்கிகளுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமே கிடையாது, ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மடிப்பு வேலை அதற்கும் பழையது. ஜெர்மன் ஓவியர் டியூரர் 1498இல் தன்னையே வரைந்த ஓவியம் மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதில் அவர் சட்டையின் கழுத்துப்பக்கம் எவ்வளவு நெருக்கமாக மடித்திருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆனால் உழைக்கிறவர்களின் உடையில் இத்தனை கைவேலை வந்தது ஸ்மாக்கில்தான், எனக்கு இந்தக் கலைமேல் மரியாதை வந்ததே அதனால்தான். (வண்டிக்காரருக்குச் சக்கரம், மேய்ப்பருக்குக் கோல் என்று தொழிலுக்குத் தொழில் தையல் வடிவம் மாறும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை, நானும் நம்புவதில்லை.)

சரி, துணிக்கு வருவோம். கேம்பிரிக், மல், மெல்லிய பாப்ளின் எதுவானாலும் சரி, பருத்தியாக இருந்தால் போதும். சௌகார்பேட்டைப் பக்கம் கோடவுன் தெரு வரை போக முடிந்தால் விதவிதமாகப் பார்க்கலாம், இல்லையென்றால் வீட்டுப் பக்கத்து மேட்சிங் சென்டரே போதும். வாங்கியதும் கஞ்சி போகத் துவைத்துக் காயப்போட்டு இஸ்திரி போடுங்கள், ஏனென்றால் தைத்த பிறகு துணி சுருங்கினால் அளவு மொத்தமும் போய்விடும். அகலம் மூன்று மடங்கு வேண்டும். முன்பக்கம் 8 அங்குலம் வரவேண்டும் என்றால் 24 அங்குலம் எடுத்து, அப்புறம் இரண்டு ஓரத்துக்கும் தையல் விடுங்கள். துணி தடியாக இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், அதனால் முதலில் ஒரு சாண் துணியில் மாதிரி போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, வெட்டித் தைத்த ஃபிராக்கில் ஸ்மாக்கிங் போட முடியாது. தட்டையான துணியில் முதலில் ஸ்மாக்கிங், அதன் பிறகுதான் கைக்குழி வெட்டுவதும் மூட்டுவதும்.

துணியின் உள்பக்கத்தில் புள்ளி வைக்கவேண்டும். வரிசைக்கு வரிசை 1 செ.மீ., புள்ளிக்குப் புள்ளி 6 மி.மீ., மேல் வரிசைப் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளி. கூர்மையான பென்சிலால் லேசாக வைத்தால் போதும். துணியின் இழை ஓட்டத்தை விட்டு விலகினால் மடிப்புகள் சாய்ந்து விழும், அதற்கு மருந்தே கிடையாது. புள்ளி வைக்கப் பொறுமை இல்லாதவர்கள் 3 மி.மீ. கட்டம் போட்ட கிங்கம் துணி வாங்கிக்கொள்ளுங்கள், கட்டமே புள்ளி. உள்பக்கத்திலிருந்து ஒவ்வொரு அடர்நிறக் கட்டத்திலும் ஊசி குத்தினால் வெளிர்நிறக் கட்டம் வெளிப்பக்கம் மடிப்பின் தலையாக எழுந்து நிற்கும், அதன் மேல் கலர் நூல் பளிச்சென்று தெரியும். மெட்ராஸ் செக்ஸ் நம் ஊர்ப் பெயரிலேயே உலகம் சுற்றிய துணிதான், ஆனால் அதன் கோடுகள் பெரும்பாலும் ஒரே அகலத்தில் இருக்காது, அதை நம்பி மடிக்க வேண்டாம்.

இனிச் சுருக்கு நூல். துணி நிறத்துக்கு மாறான, சட்டென்று அறுந்துபோகாத நூலாக எடுத்து, வரிசைக்கு ஒரு தனி நூல், ஒரு முனையில் பெரிய முடிச்சு. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு மூன்று இழை மட்டும் கோர்த்துக்கொண்டே போங்கள், நடுவில் நூல் தீர்ந்து ஒட்டுப் போடக்கூடாது. நீங்கள் தைக்கப்போகும் வரிசைகளுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வரிசை கூடுதலாக ஓட்டிவையுங்கள், பிடிமானத்துக்கு. எல்லா வரிசையும் முடிந்த பிறகு நூல்களை இரண்டிரண்டாகப் பிடித்து மெதுவாக இழுத்தால் துணி புடவைக் கொசுவம் மாதிரி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்காக நிற்கும். நெருக்கிக் கட்டாதீர்கள், மடிப்புகளுக்கு நடுவே ஊசி புகுந்து வர இடம் வேண்டும். 24 அங்குலத்தில் சுமார் 100 மடிப்பு வரும். எண்ணி, நடு மடிப்பில் ஒரு கலர் நூல் கட்டி வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் வடிவம் சமமாக அமையும்.

தைப்பதற்கு ஆங்கர் கண்டு நூலின் ஆறு இழையில் மூன்றைப் பிரித்தெடுங்கள். வெளிப்பக்கத்தில் வேலை இடமிருந்து வலமாக நகரும், ஊசி மட்டும் வலமிருந்து இடமாக, மடிப்பின் மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் குத்தி வரும். ஆழமாகக் குத்தினால் விரியும் தன்மையே செத்துவிடும். சுருக்கு நூலின் வரிசைதான் உங்களுக்குக் கோடு, அதைப் பார்த்தே போகலாம்.

தையல்களை நான் அழகை வைத்துப் பிரிப்பதில்லை, எவ்வளவு விரிகிறது என்பதை வைத்துத்தான் பிரிக்கிறேன். காம்புத் தையல் அநேகமாக விரியாது, நூல் எப்போதும் ஊசியின் ஒரே பக்கத்தில் இருக்கும். கேபிள் தையலில் ஒரு மடிப்புக்கு நூல் ஊசிக்கு மேலே, அடுத்ததுக்குக் கீழே என்று மாறி மாறி வரும், இதுவும் இறுக்கம்தான். அலைத் தையல் நடுத்தரம். மேலே ஏறும்போது நூல் ஊசிக்குக் கீழே, உச்சியில் திரும்பும் தையலிலிருந்து இறங்கும்வரை நூல் ஊசிக்கு மேலே, அடிமட்டத்தில் திரும்பும்போது மறுபடி கீழே. இந்த ஒன்று மனதில் பதிந்தால் போதும், வைர வடிவம், வலை வடிவம் எல்லாம் இதிலிருந்தே வந்துவிடும். தேன்கூடுத் தையல்தான் அதிகம் விரிவது. பக்கத்துப் பக்கத்து இரண்டு மடிப்பை இரண்டு சுற்றுச் சேர்த்துக் கட்டி, இரண்டாவது மடிப்பின் உள்ளே ஊசியை விட்டு அடுத்த வரிசைக்கு இறங்கி, அங்கே அந்த மடிப்பையும் மூன்றாவதையும் கட்டி, அதே மாதிரி உள்ளாகவே மேலே ஏறி வரவேண்டும்.

ஆகவே கழுத்தை ஒட்டிய முதல் வரிசை காம்பு அல்லது கேபிள், நெஞ்சில் அலை, கீழே தேன்கூடு அல்லது கூர்கூராக இறங்கும் அலை. மேலே இறுக்கமாக நின்று கீழே போகப் போகத் திறந்தால்தான் பாவாடைப் பகுதி அழகாக விரிந்து விழும். கீழ் ஓரத்தை நேராகக் கேபிளில் முடித்தால் ஃபிராக்குக்குப் பெல்ட் கட்டின மாதிரி ஆகிவிடும், பல இடங்களில் இதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

தாமஸ் ஹான்காக் லண்டனில் உடைகளுக்கான ரப்பர் பட்டைக்குக் காப்புரிமை வாங்கியது 1820இல். ஆனால் ஸ்மாக் அதனால் உடனே மறையவில்லை. வயல்களில் இயந்திரம் வந்து, தொளதொள துணி அதில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து வந்தது, மலிவான ஆயத்த ஆடைகளும் வந்தன, அதற்கப்புறம்தான் மெல்ல மெல்ல உழவர்கள் அதைக் கைவிட்டார்கள். அதே காலத்தில் நகரத்துப் பெண்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட் என்ற உள்ளாடை வேண்டாம் என்ற எண்ணம் பரவிக்கொண்டிருந்த நேரம். லண்டன் லிபர்ட்டி கடை 1884இல் கட்டடக் கலைஞர் ஈ. டபிள்யூ. காட்வின் பொறுப்பில் உடைப் பிரிவு தொடங்கி, ஸ்மாக்கிங் போட்ட தளர்வான கவுன்களைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விற்றது, தையல் பத்திரிகைகளும் 1880களில் இதைப் பாடமாகப் போட்டன. குழந்தை ஃபிராக்கில் அது ஒட்டிக்கொண்டது அப்படித்தான், இருபதாம் நூற்றாண்டு முழுக்க விடவில்லை. குழந்தை வளர வளரக் கொஞ்ச நாள் கூடவே விரிந்து கொடுக்கிற துணியை எந்த அம்மா வேண்டாம் என்பாள்?

தைத்து முடித்ததும் சுருக்கு நூலை அவசரப்பட்டு உருவாதீர்கள். இஸ்திரி போடும் போர்வையில் உள்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, வேண்டிய அளவுக்கு இழுத்துப் பின் குத்தி, ஆவி இஸ்திரியைத் துணியில் படாமல் மேலாகக் காட்டுங்கள். மின்விசிறிக்குக் கீழே நன்றாகக் காயவிடுங்கள், மழைக்காலம் என்றால் கூடுதல் நேரம் பிடிக்கும். சாதாரணக் குண்டூசி வேண்டாம், கடற்காற்று ஊரில் ஈரத்துணியில் ஒரே ராத்திரியில் துருக்கறை பிடிக்கும், துருப்பிடிக்காத பின்னாக வாங்குங்கள். காய்ந்த பிறகு நூல்களை உருவலாம், மேல் வரிசை ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். யோக்கை, அதாவது ஸ்மாக்கிங்குக்கு மேலே தோள்பக்கம் வரும் தட்டைத் துண்டை, வைத்துத் தைக்கும்போது மடிப்புகளை நேராகப் பிடித்திருப்பது அதுதான், மெஷின் தையல் ஓடி முடிந்ததும் அதையும் இழுத்துவிடலாம். துவைக்கும்போது முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப்போட்டு, ஸ்மாக்கிங் இருக்கும் இடத்தை விட்டுவிட்டுப் பாவாடைக்கு மட்டும் இஸ்திரி போடுங்கள்.