குழுவை மறைத்துவிட்டால் ஆள் மிஞ்சுகிறாரா?

விக்கிப்பீடியாவில் நான் எழுதிய முதல் வாழ்க்கை வரலாறு 9 நாள்தான் தாக்குப்பிடித்தது. எனக்குப் பிடித்த ஓர் இசைக்குழுவின் பேஸ் கிதார் கலைஞர் அவர். 14 மேற்கோள் வைத்திருந்தேன். பத்தாம் நாள் அவர் பெயரைச் சொடுக்கினால் குழுவின் கட்டுரையில் போய் நிற்கிறது. வழிமாற்று ஆக்கிவிட்டார்கள். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் அந்த 14 சுட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தபோதுதான் உறைத்தது: மாற்றியவர் செய்தது சரி.

அன்று கற்ற வேலையைத்தான் இப்போதும் செய்கிறேன். மேற்கோளாக வைக்கும் ஒரு மூலத்தைத் திறந்ததும் குழுவைப் பற்றிய வரிகளையெல்லாம் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில் அந்த ஆள் இருக்கிறாரா? என் 14-இல் 9, ஆல்பம், கச்சேரி விமர்சனங்கள். அவற்றில் அவருக்குக் கிடைத்தது "பேஸ் கிதார்: இன்னார்" என்ற ஒரே வரி. 3 அவரே பேசிய பேட்டிகள். தன்னைப் பற்றித் தானே சொல்வதைச் சுயேச்சையான சான்றாக எடுக்க மாட்டார்கள். ஒன்று, இசை வெளியீட்டு நிறுவனத்தின் செய்திக் குறிப்பை எழுத்து மாறாமல் போட்ட செய்தி. கடைசி ஒன்றுதான் தேறியது: ஓர் இசை இதழ் அவருடைய வாசிப்பு முறையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தது. இந்த மாதிரி இன்னும் இரண்டு இருந்திருந்தால் என் கட்டுரை பிழைத்திருக்கும்.

ஆங்கில விக்கிப்பீடியாவின் இசை விதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது. குழு எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், உறுப்பினரின் பெயர் குழுக் கட்டுரைக்குத்தான் போகும். குழுவுக்கு வெளியே அவர் தனியாக ஏதாவது செய்து, அது கவனிக்கப்பட்டிருந்தால்தான் தனிக் கட்டுரை. குறிப்பிடத்தக்கமை, அதாவது தனிக் கட்டுரை பெறும் தகுதி, குடும்பச் சொத்து போல ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வந்துவிடாது. குழு வாங்கிய விருது குழுவுடையது. சமூக ஊடகத்தில் எத்தனை லட்சம் பேர் பின்தொடர்ந்தாலும் அது கணக்கில் வராது.

"வெளியே" என்றால் தனி ஆல்பம் மட்டுமல்ல. நிர்வாணா குழுவில் டிரம்ஸ் வாசித்த டேவ் குரோல் பிறகு ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவைத் தொடங்கினார். இரண்டு பெரிய குழுக்களில் முக்கியமானவராக இருந்தாலே ஒரு வழி திறந்துவிடும். குயீன் குழுவின் பிரையன் மே 2007-இல் வானியற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். மிட்நைட் ஆயில் பாடகர் பீட்டர் காரெட் 2004-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, அமைச்சராகவும் ஆனார். இவர்களுக்கெல்லாம் யாரும் வாதாட வேண்டியதே இல்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜிம்மி நிக்கல். 1964 ஜூனில் ரிங்கோ ஸ்டாருக்கு டான்சில் தொல்லை வந்து மருத்துவமனையில் படுத்தபோது, பீட்டில்ஸுடன் சில நாள் மட்டும் டிரம்ஸ் வாசித்தவர். ரிங்கோ மெல்போர்னில் வந்து சேர்ந்ததும் இவர் ஊர் திரும்பிவிட்டார். ஆனாலும் தனிக் கட்டுரை இருக்கிறது. அவருடைய முன்கதையையும் பின்கதையையும் மற்றவர்கள் தேடிப்போய் எழுதியிருக்கிறார்கள். அவரைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம்கூட உண்டு. ஆக, குழுவில் எத்தனை வருடம் இருந்தார் என்பது பிரச்சினையே இல்லை.

மூலங்களைச் சலித்த பிறகும் குழப்பமாக இருந்தால், மணல்தொட்டியில், அதாவது விக்கியின் பயிற்சிப் பக்கத்தில், எழுதிப் பாருங்கள். பிறந்தார், குழுவில் சேர்ந்தார், முதல் ஆல்பம், இரண்டாம் ஆல்பம், உலகச் சுற்றுப்பயணம் என்று போகிறதா? அது குழுவின் கதை, ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அப்படியானால் வழிமாற்றை நீங்களே போட்டுவிடுங்கள். முதல் வரியில் #வழிமாற்று என்று எழுதி, இரட்டைச் சதுர அடைப்புக்குள் குழுக் கட்டுரையின் தலைப்பு. தலைப்பை ஒட்டி # போட்டு "உறுப்பினர்கள்" என்று சேர்த்தால், அந்தப் பெயரில் பகுதி இருக்கும்பட்சத்தில் நேராக அங்கேயே போய் நிற்கும். தேடி வருபவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். கையில் இருக்கும் நல்ல மூலத்தைக் கொண்டு அந்தப் பகுதியில் அவரைப் பற்றி நாலு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

நீக்கலுக்கும் வழிமாற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நீக்கிய பக்கத்தின் பழைய வடிவத்தை நிர்வாகிகள்தான் பார்க்க முடியும். வழிமாற்றினால், வரலாறு பக்கத்தில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அப்படியே கிடக்கும். அதனால் கட்டுரையை நீக்கலாமா என்று பேசும் நீக்கல் உரையாடல் வந்தால் கடைசிவரை சண்டை போடாமல் "வழிமாற்றிவிடலாம்" என்று நானே முன்மொழிந்துவிடுவேன். ஆங்கிலத்தில் அந்த உரையாடல் வழக்கமாக 7 நாள் ஓடும். ஒரு மொழியில் தப்பிய கட்டுரை இன்னொரு மொழியிலும் தப்பும் என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு விக்கிக்கும் தனி விதி.

அப்புறம், அந்தக் கலைஞர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் உரையாடல் பக்கத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் பேஸ் கிதார் கலைஞர் போன வருடம் தனி ஆல்பம் போட்டார். விரலால் மறைக்கவே தேவையில்லாத ஒரு விமர்சனம் வந்திருக்கிறது. இதழின் அந்த இரண்டு பக்கத்தோடு சேர்த்தால் இரண்டாயிற்று. மூன்றாவது வரட்டும் என்று வழிமாற்றைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.