கிருஷ்ணகிரி வீட்டுக்கு கொலராடோ வெயில் எதற்கு?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் 30க்கு 40 மனை வாங்கியவர்கள் இப்போது "த்ரீடி எலிவேஷன் போட்டுக் கொடுங்க" என்று, அதாவது வீட்டு முகப்பை முப்பரிமாணப் படமாகக் கேட்டுத்தான், பேச்சையே தொடங்குகிறார்கள். ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் வீட்டை எழுப்புவது பெரிய வேலையில்லை. அளவெல்லாம் சரியாகவே இருக்கும். அதைப் படமாக எடுத்துக் கொடுக்கும்போதுதான் சொதப்புகிறது. மென்பொருள் தானாக வைத்திருக்கும் அமைப்புகளை அப்படியே விட்டுவிடுவதே பாதிக் காரணம்.

நிழலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு இடம் குறிக்காவிட்டால், ஸ்கெட்ச்அப் அதை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அந்த ஊர் 40 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, கிருஷ்ணகிரி சுமார் 12.5 டிகிரியில். டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் 27 டிகிரி உயரம்கூட ஏறாது. நமக்கு 54 டிகிரி வரை ஏறிவிடும். அங்கத்து வெயிலில் போர்டிகோ நிழல் தெரு வரை நீளும். நேரில் வீடு அப்படி இருக்கவே இருக்காது. ஆகவே ஊரைக் குறித்துவிட்டு, நேர மண்டலம் 5.30 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வடக்கு வாசல் வீடு என்றால் இன்னொரு தவறும் சேர்ந்துகொள்ளும். முகப்பு முழுக்க இருட்டாகத் தெரிகிறதே என்று மாடலின் வடக்கையே திருப்பிவிடுகிறார்கள்! வாஸ்து பார்க்கும் பெரியவர் ஒருவர் படத்தைப் பார்த்து, "காலை வெயில் எந்தப் பக்கமிருந்து வருது?" என்று கேட்டால் முடிந்தது கதை. திருப்பவே தேவையில்லை. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஜூன் மாதத்துக் காலை ஒன்பது மணியை வைத்துப் பாருங்கள், வடக்குச் சுவரில் சாய்வாக வெயில் விழும், சன்ஷேடு நிழலும் எடுப்பாகத் தெரியும். நிழல் கருப்பாக அப்பிக்கொண்டால் நிழல் அமைப்புப் பெட்டியில் உள்ள 'டார்க்' அளவைக் கூட்டினால் போதும், பெயர் அப்படி இருந்தாலும் நிழல் வெளுக்கும்.

அடுத்தது கேமரா. வானத்திலிருந்து பார்ப்பது போலவே படம் எடுக்கும் பழக்கம் பலருக்கு. வாங்குகிறவர் தெருவில் நின்றுதானே வீட்டைப் பார்க்கப்போகிறார்? கண் உயரத்தை ஐந்தரை அடிக்குக் கொண்டுவாருங்கள். பில்லர்கள் உள்பக்கம் சாய்ந்து தெரிந்தால் கேமரா மெனுவில் டூ பாயின்ட் பெர்ஸ்பெக்டிவைப் போடுங்கள், நிமிர்ந்துவிடும். அறை சின்னது என்று பார்வைக் கோணத்தை 35 டிகிரியிலிருந்து 70, 80 என்று விரிப்பதை நான் ஏமாற்று வேலை என்றே சொல்வேன். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். கட்டி முடித்த பிறகு சண்டை வரும்.

சுற்றுப்புறமும் அப்படித்தான். காவேரிப்பட்டணத்து வீட்டைச் சுற்றி பைன் மரமும் கோட்டு போட்ட வெள்ளைக்காரரும் எதற்கு? ஒரு மாமரம், ஒரு தென்னை, வாசலில் ஒரு ஸ்கூட்டர், நம் பக்கத்துக் கல்கால் வேலி. இவ்வளவு போதும், அதிகம் வைத்தால் வீடு மறைந்துவிடும். கிரானைட், டைல்ஸ் ஒட்டும்போது டெக்ஸ்சருக்கு (பரப்பின் மேல் ஒட்டும் படத்துக்கு) உண்மையான அளவைக் கொடுங்கள். இரண்டடி டைல் படத்தில் ஆறடியாகத் தெரிந்தால் வீடே பொம்மை வீடாகச் சுருங்கிப்போகும்.

விளிம்புக் கோடுகளில், வெளிவரம்பைத் தடிப்பாகக் காட்டும் 'ப்ரொஃபைல்' தடிமனை ஒன்றுக்குக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிரில் கம்பியெல்லாம் கரிக்கோடாகும்.

கடைசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, செய்த வேலையையெல்லாம் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஏ3 தாளில் கிடைமட்டமாக 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) பிரின்ட் வேண்டுமென்றால் அகலம் 2480 பிக்சலாவது வேண்டும், 300 டிபிஐ என்றால் 4961. எக்ஸ்போர்ட்டில் இந்த எண்ணைக் கையால் அடியுங்கள். அப்புறம், வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.